உபோன் பக்கத்துக் கிராமங்களும் காட்டு மடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நண்பன் தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு கிராமத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அதனால் அந்த ஊருக்கு நான்கு முறை போய், ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பத்து நாள் தங்கி வர எனக்கு வாய்த்தது. திரும்பி வந்ததும் சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் அவர்கள் சொல்லிப் போன் செய்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்ட வார்த்தையிலேயே கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன்.

தாய்லாந்துன்னா பாங்காக், பட்டாயா, புக்கெட்தானே? கிராமத்துல பார்க்க என்ன இருக்கு?

பட்டியல் போட்டுப் பார்க்க அதிகம் இல்லை. நெல்வயல், குளம், மரக்கால் நட்டு உயர்த்திக் கட்டிய வீடுகள், வீட்டடியில் ஒரு தறி, ஊரை ஒட்டி ஒரு கோயில். ஆனால் காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் பிக்குகள் வரிசையாக நடந்து வருவதும், ஒவ்வொரு வாசலிலும் ஒரு அம்மா சோற்றுக்கூடையோடு மண்டியிட்டுக் காத்திருப்பதும் எந்தச் சுற்றுலாச் சீட்டிலும் வராது. அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

ஒரு நாளில் பார்த்துவிட்டு ஓடுவதாக இருந்தால் வேண்டாம். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். முதல் நாள் ஊர் உங்களை வேடிக்கை பார்க்கும், இரண்டாம் நாள் சாப்பிடக் கூப்பிடும், மூன்றாம் நாள் நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்த மூன்றாம் நாள்தான் நல்ல நாள்.

எந்தப் பகுதியைப் பத்திச் சொல்றீங்க? பேரு வாயில நுழையல.

உபோன் ராச்சதானி மாகாணம். தாய்லாந்தின் கிழக்கு ஓரம், அதைத் தாண்டினால் லாவோஸ். பேரைப் பிரித்துப் பார்த்தால் நமக்கு அன்னியமே இல்லை: உற்பலம் என்ற சொல்தான் உபோன், அங்கே அதற்குத் தாமரை என்று பொருள், ராஜதானி நமக்குத் தெரிந்த அதே ராஜதானி. தாமரைத் தலைநகர். வடகிழக்குப் பகுதி முழுவதற்கும் ஈசான் என்று பெயர். நம் வீட்டு வாஸ்துவில் ஈசானிய மூலை எந்தத் திசையோ அதே திசை, அதே சொல்.

நான் தங்கிய ஊர் வாரின் சம்ராப் என்ற வட்டத்தில் இருக்கிறது. உபோன் நகரத்துக்கும் இதற்கும் நடுவில் மூன் ஆறு ஓடுகிறது, அவ்வளவுதான் தூரம். கீழே சொல்வதில் பெரும்பகுதி ஈசானின் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். தெற்குத் தாய்லாந்துக்கும் வடக்கே சியாங்மாய் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தாது.

எப்படிப் போறது? விசா எல்லாம்?

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் உண்டு, மூன்றரை மணி நேரம் மாதிரி ஆகும். அங்கிருந்து உபோனுக்கு உள்ளூர் விமானம் ஒரு மணி நேரம். ஆனால் நான் ரயிலைத்தான் சொல்வேன். பாங்காக்கின் புதிய பெரிய நிலையமான குருங் தேப் அபிவாட்டில் இரவு ஏறிப் படுத்தால் ஏறக்குறைய 570 கிலோமீட்டர் தாண்டி விடியும்போது உபோன் நிலையத்தில் இறங்கலாம், கடைசி ஒரு மணி நேரம் ஜன்னலில் வயல்தான். நிலையத்தின் பெயர் உபோன் என்றாலும் அது இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம் வாரினில்தான், அதனால் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. அங்கிருந்து சோங்தேவ் என்ற, பின்னால் இரண்டு பலகை போட்ட பங்கு வண்டி ஓடும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கான விசா விதி சில வருடங்களாக மாறிக்கொண்டே இருக்கிறது, டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் இணையத்தில் வருகை அட்டை நிரப்புவது கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

எந்த மாசம் போனா நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நவம்பர், டிசம்பரில் அறுப்பு, காலையில் சால்வை கேட்கும் குளிர். ஏப்ரல் வேண்டாம், நம் அக்கினி நட்சத்திரம் போலக் காயும். புத்தாண்டான சோங்கிரானுக்காக ஏப்ரல் நடுவில் போகிறீர்கள் என்றால் வேறு விஷயம். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் அப்போது வீடு திரும்புவார்கள், பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள்.

ஜூலையிலும் ஒரு காரணம் உண்டு. மழைக்காலத்தில் பிக்குகள் மூன்று மாதம் ஒரே மடத்தில் தங்கும் வஸ்ஸா விரதம் பெரும்பாலும் ஜூலையில் வரும் ஆஷாடப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கும். அதையொட்டி உபோன் நகரத்தில் மெழுகுவர்த்தித் திருவிழா நடக்கும். மெழுகுவர்த்தி என்றால் கையில் பிடிப்பது இல்லை, தேர் அளவுக்கு மெழுகில் சிற்பம் செதுக்கி வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். அந்த நாட்களுக்கு அறை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்களுக்கு அங்க யாரையும் தெரியாது. நேரா ஒரு கிராமத்துல போய் இறங்கலாமா?

இறங்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள், ஆனால் நான் செய்ய மாட்டேன். முன்பின் தெரியாதவர்கள் பையோடு வந்து நின்றால் அவர்களுக்குத்தான் சங்கடம், சாப்பாடு போடாமல் அனுப்பவும் மனசு வராது. வீட்டில் தங்க வைக்கும் ஏற்பாடு உள்ள கிராமங்கள் ஈசானில் நிறைய உண்டு, அதில் ஒன்றைப் பாருங்கள். இல்லையென்றால் வாரினிலோ உபோனிலோ அறை எடுத்துக்கொண்டு, இருட்டோடு கிளம்பிக் காலைப் பூசை நேரத்துக்குக் கிராமத்துக் கோயிலுக்குப் போங்கள். கோயில் எல்லோருக்கும் பொது. அங்கே இரண்டு நாள் முகம் தெரிந்துவிட்டால் மூன்றாம் நாள் அவர்களே வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

மொழி தெரியாதே, எப்படிச் சமாளிக்கிறது?

அவர்கள் வீட்டில் பேசுவது பாங்காக் தாய் மொழி இல்லை, லாவோவோடு ஒட்டிய ஈசான் பேச்சு. கைப்பேசி மொழிபெயர்ப்பு அதில் பாதி திணறும். நாலு வார்த்தை போதும். ‘கின் காவ் லேவ் போ?’ என்றால் சாப்பிட்டாச்சா. நம் ஊர் மாதிரியே அதுதான் நலம் விசாரிப்பு. சாப்பாடு ருசியாக இருந்தால் ‘சேப்’. பரவாயில்லை என்பதற்கு ‘போ பென் யங்’.

நமக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. அங்கேயும் யாரையும் மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோரும் உறவுதான். மூத்த ஆணுக்குப் போ, அதாவது அப்பா. மூத்த பெண்ணுக்கு மே, அம்மா. பாட்டி யாய், தாத்தா தா. கொஞ்சம் மூத்தவர்கள் பீ, இளையவர்கள் நோங். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது இரண்டே நாளில் வந்துவிடும்.

வீடு எப்படி இருக்கும்? கழிப்பறை, குளியல் எல்லாம்?

செருப்பைப் படிக்குக் கீழேயே விட வேண்டும். பழைய வீடுகளில் மேல்தளம் மரப்பலகை, படுக்கை தரையில் மெத்தை, கொசுவலை. கொசுவலையை அலட்சியம் செய்யாதீர்கள், டெங்கு உண்டு. புதிய வீடுகள் சிமெண்டில் நம் ஊர் வீடு போலவே இருக்கும்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாயோ, தொட்டியும் கப்பும் கொண்ட ஏற்பாடோ இருக்கும், நமக்குப் புதிதில்லை. குளியலும் தொட்டியில் மொண்டு ஊற்றுவதுதான். டிசம்பரில் அந்தத் தண்ணீர் நடுக்கும், சாயங்காலம் வெயில் இருக்கும்போதே குளித்துவிடுங்கள். ஆண்கள் பா காவ் மா என்ற கட்டம் போட்ட துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இடுப்பில் கட்ட, தலையில் சுற்ற, தோளில் போட, குழந்தைக்குத் தூளி கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சைவத்துக்கு அவர்கள் சொல் மங்சவிரத், மாமிசமும் விலகியிருத்தல் என்ற பொருளுள்ள விரதியும் சேர்ந்த சொல் அது. இன்னொன்று ‘ஜே’, அதில் முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. நீங்கள் சைவம் என்று சொன்னாலும் மீன் சாறும் இறால் விழுதும் அவர்களுக்கு உப்பு மாதிரி, கறியாகவே தோன்றாது. ஈசானில் கூடவே பா தேக் வரும். மீனை உப்பும் தவிடும் போட்டுச் சாடியில் மாதக்கணக்கில் ஊற வைத்தது, பப்பாளிக்காய்ச் சாலட்டில்கூட அதை ஊற்றுவார்கள். அதனால் ‘மை சை நம் ப்லா, மை சை பா தேக்’, மீன் சாறு வேண்டாம், பா தேக் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

காவ் நியாவ் என்ற ஒட்டரிசிச் சோறு மூன்று வேளையும் இருக்கும். மூங்கில் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து, விரலால் உருட்டி, துவையலில் தொட்டுச் சாப்பிடுவது. கூடவே அவித்த காய்கறி, வாழைப்பழம், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஆம்லெட். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள். ஒட்டரிசியோடு பருப்புப்பொடி அவ்வளவு பொருத்தம், என் நண்பனின் மாமியார் ஒரு டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

அசைவம் சாப்பிடுறவங்களுக்குப் பிரச்சனை இல்லையே?

ஒன்றே ஒன்று. பச்சை மீன் வேண்டாம். கோய் ப்லா என்று ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி எலுமிச்சை பிழிந்து தருவார்கள், ஆசையோடுதான் தருவார்கள். அந்த மீனில் ஈரல் தட்டைப்புழு இருக்கும். அது பித்தநாளத்தில் தங்கி வருடங்கள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டு போகும். பித்தநாளப் புற்றுநோய் உலகத்திலேயே மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஈசான் ஒன்று, காரணம் இந்தப் பச்சை மீன்தான். எலுமிச்சைச் சாறு புழுவைக் கொல்லாது, சாராயமும் கொல்லாது. ‘சுக்’ என்றால் வெந்தது. ‘சுக்தான் சாப்பிடுவேன்’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர்ச் சுகாதார ஊழியர்களே அதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள்.

காலையில பிக்குகளுக்குச் சோறு போடுவாங்களாமே, நாமளும் போடலாமா?

தாராளமாக. மதம் கேட்க மாட்டார்கள். பின்தபாத் என்று பெயர், பிண்டம் என்ற சொல்தான். விடிவதற்கு முன்பே வீட்டில் ஒட்டரிசியை அவித்துவிடுவார்கள். ஊற வைத்த அரிசி கூம்பு மாதிரி மூங்கில் கூடையில், அடியில் பானைத் தண்ணீர் கொதிக்க வேகும். வெந்ததும் மரத்தட்டில் கொட்டி ஆவி போகக் கிளறி, சின்ன மூடிக்கூடையில் அடைப்பார்கள். நீங்கள் குளித்து, செருப்பில்லாமல் வாசலில் பாயில் மண்டியிட்டிருங்கள். பிக்கு எதிரே நின்று பாத்திரத்தின் மூடியைத் திறப்பார். கூடையிலிருந்து எலுமிச்சை அளவு சோற்றைக் கிள்ளி, நெற்றிக்கு நேரே உயர்த்திவிட்டுப் பாத்திரத்துக்குள் வையுங்கள். முதல் தடவை எனக்கு விரலில் ஒட்டிக்கொண்டு சோறு விழவே இல்லை. பக்கத்துப் பாட்டி என் விரலைப் பிடித்துக் காட்டினார்: கிள்ளி, லேசாக உருட்டி, விடு.

அவரிடம் பேச வேண்டாம், முகத்துக்கு நேரே போட்டோ எடுக்க வேண்டாம், அவர் நன்றி சொல்லவில்லை என்று நினைக்கவும் வேண்டாம். நன்றி சொல்ல வேண்டியது கொடுக்கிறவர்கள் பக்கம் என்பது அவர்கள் எண்ணம், புண்ணியம் சேர்வது நமக்குத்தானே. தெருவில் போடுவது வெறும் சோறுதான். குழம்பு, காய், பழமெல்லாம் கொஞ்ச நேரம் கழித்துப் பெண்கள் கோயிலுக்கே கொண்டு போவார்கள். கூடவே போங்கள், அங்கே பிக்குகள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவது ஊரின் காலைச் சாப்பாடு மாதிரி.

பெண்கள் பிக்குவைத் தொடக்கூடாதுன்னா அவங்க எப்படிக் கொடுக்கிறது?

பாத்திரத்துக்குள் போடுவதில் தொடுகை இல்லை, அதனால் மேலே சொன்னபடியே போடலாம். தட்டையோ பையையோ கையில் கொடுக்க வேண்டி வந்தால் பிக்கு தன் முன்னால் ஒரு துணியை விரித்து ஓரத்தைப் பிடித்துக்கொள்வார், துணிமேல் வைத்தால் சரி. வண்டியில் பிக்குவுக்குப் பக்கத்து இருக்கையில் பெண்கள் உட்காருவதில்லை, தனியறையில் தனியாகப் பேசுவதும் இல்லை. இது பெண்ணைத் தாழ்த்திச் சொன்னதில்லை, பிக்குவின் விரதத்துக்கான வேலி. வெள்ளை உடுத்திய மே சீ என்ற பெண் துறவிகளும் உண்டு, அவர்களோடு பெண்கள் தாராளமாகப் பழகலாம்.

மாதவிடாய் நேரத்துல கோயிலுக்குள்ள போகலாமா?

இதைச் சத்தமாகக் கேட்கத் தயங்குகிறார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். சாதாரணமாகத் தடையில்லை, யாரும் கேட்பதும் இல்லை. சோறு போடலாம், உள்ளே உட்காரலாம். ஆனால் புத்தரின் அஸ்தி போன்ற தாதுவை வைத்துக் கட்டிய சில பழைய கோபுரங்களில் உள்சுற்று வேலிக்குள் பெண்கள் எந்த நாளிலுமே போகக்கூடாது என்று பலகை இருக்கும். அது அந்தந்தக் கோயில் வழக்கம், ஏற்பதும் விமர்சிப்பதும் உங்கள் விருப்பம், ஆனால் பலகையை மீறிப் போகாதீர்கள்.

உடுப்பு, உட்காருவது, கும்பிடுவது எல்லாம் எப்படி?

தோளும் முட்டியும் மூடியிருந்தால் போதும். வேட்டி, சேலை, சுடிதார் எல்லாம் சரி. மடத்தில் தங்குகிறவர்கள் வெள்ளை உடுத்த வேண்டும், நம் வெள்ளை வேட்டி சட்டைக்கு அங்கே நல்ல மரியாதை. கும்பிடுவது நம் வணக்கம்தான், பேர் வை. பிக்குவுக்கு வைக்கும்போது கை நெற்றி வரை போகும், அவர் திருப்பிக் கும்பிட மாட்டார். புத்தர் முன் மூன்று முறை மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்குவார்கள். புத்தருக்கு ஒன்று, தம்மத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று. செய்ய விருப்பமில்லையென்றால் கைகூப்பி உட்கார்ந்திருந்தால் போதும்.

முக்கியம் கால். பாதம் புத்தரையோ பிக்குவையோ யாருடைய தலையையோ நோக்கி நீளக்கூடாது. இரண்டு காலையும் ஒரே பக்கம் மடக்கி, பாதம் பின்னால் இருக்கும்படி உட்காருவார்கள். முதல் தடவை போனபோது முக்கால் மணி நேர ஓதலில் கால் மரத்துப் போய் நான் அறியாமல் முன்னால் நீட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி என்னைப் பார்க்கவே இல்லை, கையை என் முட்டியில் வைத்து மெதுவாக மடக்கிவிட்டுத் தொடர்ந்து ஓதினார். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் என் வழி ஒன்றுதான்: கடைசி வரிசையில் ஒரு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதைச் செய்வது. நீங்களும் அதையே செய்யுங்கள்.

சுத்துவட்டாரத்துல எந்தெந்தக் கோயிலைக் கட்டாயம் பார்க்கணும்?

வாட் என்றால் கோயில் அல்லது மடம். முதலில் வாட் நோங் பா போங். 1918இல் இந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அஜான் சா, ஊர் ஊராக அலைந்து தவம் செய்துவிட்டு 1954இல் திரும்பி வந்து, காய்ச்சலும் பேயும் உண்டு என்று ஊர் பயந்த காட்டில் குடில் போட்ட இடம். அஜான் என்பது ஆச்சாரியர். அவர் 1992 ஜனவரி 16 அன்று காலமானார். ஒவ்வொரு ஜனவரி நடுவிலும் அவர் நினைவாக ஆயிரக்கணக்கானோர் மரத்தடியில் கூடாரமும் கொசுவலையும் கட்டிச் சில நாள் தங்கித் தியானம் செய்வார்கள், இலவசச் சாப்பாட்டுப் பந்தல்கள் காலையில் இருந்து நடக்கும். மற்ற நாளில் போனால் இலை கூட்டும் சத்தம்தான் கேட்கும்.

அடுத்தது புங் வாய் கிராமத்தை ஒட்டிய வாட் பா நானாசாட். பா என்றால் காடு, நானாசாட் நமக்குத் தெரிந்த நானா ஜாதி, அதாவது பல நாட்டவர். 1975இல் அஜான் சாவின் வெளிநாட்டுச் சீடர்கள் தங்கள் இரும்புப் பிட்சைப் பாத்திரங்களைத் துருப்பிடிக்காமல் சூளையில் சுட விறகு தேடி இந்தச் சுடுகாட்டுக் காட்டுக்கு வந்தார்கள். ஊர்க்காரர்கள் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டதால் உண்டான மடம். அமெரிக்கரான அஜான் சுமேதோ முதல் தலைவர். அன்று சோறு போட ஆரம்பித்த கிராமம் இன்றும் போடுகிறது.

நகரத்தில் இரண்டு. வாட் துங் சி முவாங்கில் குளத்து நடுவில் மரக்கால்களில் நிற்கும் நூலகம், ஏட்டுச் சுவடியைக் கரையான் அரிக்காமல் இருக்கத் தண்ணீருக்கு நடுவில் கட்டியது. வாட் பிரதாத் நோங் புவாவின் கோபுரம் புத்தகயா கோயிலைப் பார்த்து அமைத்தது, புத்தர் மறைந்து 2500 ஆண்டு நிறைந்ததை ஒட்டி 1957இல் தொடங்கியது. தூரமாகப் போக ஒரு நாள் இருந்தால் லாவோஸ் எல்லைப் பக்கம் வாட் சிரிந்தோன், அங்கே சுவரில் பதித்த கற்பக மரம் இருட்டில் பச்சையாக ஒளிரும். அழகுதான், ஆனால் கூட்டமும் கேமராவும் அதிகம். எனக்கு அதைவிட மீகாங் கரையில் பா தேம் பாறை ஓவியங்கள் பிடித்தன, மூவாயிரம் வருடத்துக்கு முன் யாரோ வரைந்த பெரிய கெளுத்தி மீனும் மீன் கூடையும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் காட்டு மடத்துல நாங்க தங்க முடியுமா?

நானாசாட்டில் முடியும், ஆங்கிலம் போதும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு போங்கள், இடம் குறைவு. கட்டணம் கிடையாது. அதிகாலை மூன்று மணிக்கு மணி அடிக்கும், ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் காலையில். எட்டு சீலம் எடுக்க வேண்டும்: உயிர் கொல்லாமை, திருடாமை, பிரம்மச்சரியம், பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல் ஆகியவற்றோடு மதியத்துக்கு மேல் சாப்பாடு இல்லை, ஆட்டம் பாட்டு அலங்காரம் இல்லை, உயர்ந்த கட்டில் இல்லை. ஆண்கள் சில நாளுக்கு மேல் தங்கினால் தலையை மழிக்கச் சொல்வார்கள்.

ஓய்வெடுக்கப் போகும் இடமாக நினைத்துப் போனால் இரண்டாம் நாளே கஷ்டமாகிவிடும். கூட்ட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், கிணற்றடி துடைக்க வேண்டும். சும்மா பார்த்துவிட்டு வர விரும்புகிறவர்கள் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விட்டு வந்தால் போதும்.

பிக்குகள் கறி சாப்பிடறாங்களே, அப்புறம் அகிம்சை என்னாச்சு?

தாய்லாந்தில் வழங்கும் பௌத்தப் பிரிவான தேரவாதத்தின் விதிப்படி பிக்கு சமைக்கவோ, இன்னது வேண்டும் என்று கேட்கவோ கூடாது. பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிட வேண்டும். கறி என்றால் மூன்று நிபந்தனை: தனக்காகக் கொன்றதை அவர் பார்த்திருக்கக்கூடாது, கேட்டிருக்கக்கூடாது, அப்படி என்று சந்தேகமும் இருக்கக்கூடாது. ஏழை வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்வதுதான் முதல் நெறி என்பார்கள். நம் சைவ நெறியோடு இது ஒத்துப் போகாமல் இருக்கலாம். ஆனால் கொடுக்கிற நாமே காய்கறி கொடுத்தால் அவர்கள் காய்கறிதான் சாப்பிடுவார்கள்.

பிக்குவுக்கு ஐநூறு பாட் தட்சணை வைக்கலாமா?

காட்டு மடத்துப் பிக்குகள் பணத்தைத் தொட மாட்டார்கள், நீட்டினால் அவர்களுக்குச் சங்கடம். கோயிலில் உண்டியல் இருக்கும், அல்லது கணக்குப் பார்க்கும் ஊர்ப் பெரியவர் இருப்பார், அங்கே போடுங்கள். பொருளாகக் கொடுக்க சோப்பு, பற்பசை, டார்ச் பேட்டரி, பாராசிட்டமால், அரிசி நல்லது. கடைகளில் மஞ்சள் வாளியில் அடுக்கி விற்பதைவிட நீங்களே பார்த்து வாங்கினால் உபயோகமான பொருளாக இருக்கும். தங்கிய வீட்டுக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கொண்டு போங்கள், அங்கேயும் கிட்டத்தட்ட அதே பண்டம் உண்டு, பார்த்ததும் சிரிப்பார்கள்.

ஊர் ஓரத்துல தோப்புக்குள்ள ஒரு குட்டி வீடு மாதிரி இருந்துச்சு, உள்ள புத்தர் இல்ல. அது என்ன?

பூ தா. அப்பாவழித் தாத்தா, அம்மாவழித் தாத்தா என்று பொருள், ஊரின் முன்னோர் காவல் தெய்வம். நம் அய்யனார் கோயில் காடு மாதிரி, அந்தத் தோப்பில் மரம் வெட்டக்கூடாது. உழவு தொடங்குவதற்கு முன் கோழியும் சாராயமும் படைத்து மழை கேட்பார்கள். முதல் சீலம் உயிர் கொல்லாமை என்று மேலே சொன்னேனே, அதுவும் இதுவும் ஒரே ஊரில் எப்படி என்று கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே புரியாது. புத்தர் மறுமைக்கு, பூ தா மழைக்கும் மாட்டுக்கும். கூப்பிடாமல் உள்ளே போக வேண்டாம்.

கையில வெள்ளை நூல் கட்டினாங்க. எப்போ கழட்டலாம்?

அது பாய் சி சூ குவான். உடம்பில் 32 குவான், உயிர்க்கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத்திலோ நோயிலோ அவை அலைந்து போய்விடும் என்றும், அழைத்து நூலில் கட்டி நிறுத்த வேண்டும் என்றும் நம்பிக்கை. வாழை இலையில் கூம்பு கட்டிப் பூ வைத்து, ஊர்ப் பெரியவர் ஓதுவார், பிறகு ஒவ்வொருவராக வந்து உங்கள் மணிக்கட்டில் நூலை உரசி, வாழ்த்துச் சொல்லி முடிச்சுப் போடுவார்கள். குறைந்தது மூன்று நாள் வைத்திருங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள், முடிச்சை அவிழ்க்கலாம். நான் சென்னை வந்தும் ஒரு மாதம் வைத்திருந்தேன்.

எங்களை ‘கேக்’னு சொல்றாங்க. திட்டுறாங்களா?

அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் விருந்தாளி. இந்தியர்களையும் மேற்காசியர்களையும் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். நகரத்தில் சில வாயில் அது இளக்காரமாக ஒலிப்பதும் உண்மைதான், நம் ஆட்கள் சிலர் அதை விரும்புவதில்லை. கிராமத்துப் பாட்டி சொன்னால் தப்பாக எடுக்க வேண்டாம். ‘இந்தியா’ என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி பெரும்பாலும் புத்தகயா போயிருக்கிறாயா என்பதுதான். போயிருந்தால் படம் கைப்பேசியில் வைத்திருங்கள். நான் காட்டியபோது ஒரு அம்மா கைப்பேசியையே நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

புத்தர் சிலை வாங்கிட்டு வரலாமா?

கழுத்தில் போடும் சின்னத் தாயத்து பரவாயில்லை. சிலைக்குத் தாய்லாந்து நுண்கலைத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். பழைய சிலையின் பகுதியை யாராவது விற்க வந்தால் கிட்டவே போகாதீர்கள். இதோடு இன்னொன்று: அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேச வேண்டாம், அரசரை அவமதித்தால் 3 முதல் 15 வருடம் சிறை.

கோயில்ல நாய் நிறைய இருக்காமே?

இருக்கும், வேண்டாத குட்டிகளைக் கோயிலில்தான் விடுவார்கள். தடவ வேண்டாம். கடித்தால், கீறினால்கூட, கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள், நம் ஊர் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

அப்பா போன வருஷம் தவறிட்டார். நாங்க இந்துக்கள். அங்க அவருக்காக ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். பிண்டபாதம் போட்ட அன்று காலை, உணவோடு கோயிலுக்குப் போங்கள். பிக்குகள் சாப்பிடும் முன் ஆசி ஓதுவார்கள். அதற்கு முன்பே அங்கிருக்கும் பாட்டிகளில் ஒருவர் ஒரு சின்னப் பித்தளைச் செம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணமும் உங்கள் முன் வைப்பார், இல்லையென்றால் ‘குருவாத் நாம்’ என்று கேளுங்கள். மூத்த பிக்கு தனியாகத் தொடங்கும்போது, அப்பாவின் பெயரை மனதில் சொல்லி, செம்பிலிருந்து கிண்ணத்துக்கு மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். அவர் ஓதும் பாலி மொழி வரியின் பொருள், ஆறுகள் நிரம்பிக் கடலை நிரப்புவது போல இங்கே கொடுத்தது இறந்தவர்களைச் சேரட்டும் என்பது. எள்ளும் தண்ணீரும் விட்டுப் பழகிய கைக்கு இது ஒன்றும் புதிதில்லை. மற்ற பிக்குகள் சேர்ந்து ஓதத் தொடங்குவதற்குள் தண்ணீர் முடிந்திருக்க வேண்டும், அதனால் முழுச் செம்பு வேண்டாம், பாதி போதும்.

பெயர் தமிழில் இருக்கலாம், மனதுக்குள் சொல்வதும் தமிழில் இருக்கலாம். ஓதி முடிந்ததும் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வெளியே போய், ஒரு பெரிய மரத்தின் வேரில் ஊற்றிவிட்டு வாருங்கள். பாட்டி உங்களுக்காகக் கூடையில் சோறு எடுத்து வைத்திருப்பார்.